மீட்டுவதும் மீட்பதும்

தமிழில் கம்பியை மீட்டுகிறோம். அடகுக்கடையில் வைத்த நகையை மீட்கிறோம். இலக்கணத்தில் இரண்டும் வேறு வேறு வினை. ஒன்று 'மீட்டி' என்று எச்சமாகும், மற்றது 'மீட்டு' என்று ஆகும். பெயராக்கினால் இரண்டுக்கும் 'மீட்டல்' என்றே சொல்லிவிடலாம். இலங்கைத் தமிழில் இதே சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: பரீட்சைக்கு முன்னால் படித்த பாடத்தைத் திரும்பப் படிப்பது அங்கே மீட்டல். வாசிப்பது, இழந்ததைத் திரும்பப் பெறுவது, படித்ததையே மறுபடி படிப்பது. பழைய கிட்டார் ஒன்றை வீட்டில் வைத்துச் சரிசெய்கிற வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த மூன்று பொருளும் வேண்டியிருக்கிறது.

இணையத்தில் இந்த வேலைக்கென்று தனியாக ஒரு காணொளி வகையே இருக்கிறது. அதை ஒரு கதைவடிவமாக வைத்துப் பார்க்கலாம். ஏனென்றால் அதற்கு மாறாத ஒரு கதைப்பின்னல் உண்டு. முதலில் தூசி. சிலந்திவலை, துருப்பிடித்த கம்பி, உடைந்த பிரிட்ஜ். அடுத்து கையுறை போட்ட இரண்டு கைகள். முகம் கிடையாது, பேச்சும் கிடையாது. பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தூள் பறக்கிறது. புதுப் பெயின்ட், அதன்மேல் பாலிஷ், அதன்மேல் இன்னொரு பாலிஷ். கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் கிட்டார் மெதுவாகச் சுழல்கிறது. நாலு கார்டு வாசித்து முடித்துவிடுகிறார்கள். இருபது நிமிஷக் காணொளியில் வாசிப்பு இருபது விநாடி இருந்தால் அதிகம்.

பார்க்க சுகமாகத்தான் இருக்கிறது. நானும் ராத்திரி ஒரு மணி வரை பார்க்கிற ஆள்தான். ஆனால் இந்தக் கதையில் இரண்டு பேரைக் காணோம். இந்தக் கிட்டாரை இதுவரை வாசித்தவர் ஒருவர், இனிமேல் வாசிக்கப்போகிறவர் இன்னொருவர். முதலாமவர் அழுக்காக மட்டும் வருகிறார், துடைத்துவிடுகிறார்கள். இரண்டாமவர் வருவதே இல்லை. பொருள் மீண்டுவிட்டது, வாசிப்பு மீளவில்லை. இந்த வகைமேல் என் முதல் விமர்சனம் இதுதான்.

*

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு கிட்டார் எப்படி வந்து சேர்கிறது என்று யோசித்துப் பார்த்தால், புதிதாகக் கடையிலிருந்து வருவது குறைவு. சென்னையில் வேலைக்குப் போன அண்ணன் ஆசைக்கு வாங்கி, கல்யாணமானதும் ஊரில் கொண்டுவந்து போட்டது. சபையில் பாடல் குழுவுக்கு வாங்கி, வாசித்தவர் மாற்றலாகிப் போனதும் பீரோமேல் ஏறியது. கல்லூரி விடுதியில் கைமாறிக் கைமாறி வந்தது. பெரும்பாலும் ப்ளைவுட் உடம்பு. இந்தக் கிட்டார்களுக்கு ஒரே கனவுதான் இருந்திருக்கும்: 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வை வாசித்துவிட வேண்டும். பத்தில் ஒன்பது அந்த இடம் வரை போகாமலே பரணுக்குப் போனது.

ஏன் போகவில்லை? "எனக்கு விரல் வளையல", "எனக்கு மியூசிக் சென்ஸ் இல்ல" என்று சொல்வார்கள். கிட்டாரை வாங்கிப் பார்த்தால் காரணம் விரலில் இல்லை என்று தெரியும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நன்றாக வாசிக்கக்கூடிய கிட்டாரில் தடித்த கம்பி அங்கே சுமார் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும், மெல்லிய கம்பி 2 மில்லிமீட்டர். கேட்பாரில்லாமல் கிடந்த கிட்டார்களில் அது 4, 5 என்று ஏறி நிற்கும். பதினைந்து வயசுப் பையனோ பெண்ணோ அந்தக் கம்பியை அழுத்துவதற்கே முழு பலத்தையும் கொடுக்க வேண்டும். விரல் நுனியில் கோடு விழும், எரியும். அவ்வளவு அழுத்தியும் சுருதி தப்பும், ஏனென்றால் உயரத்திலிருந்து அழுத்தப்படும் கம்பி கூடுதலாக இழுபட்டு சுரம் ஏறிவிடும். ஒரு மாசம் போராடிவிட்டு அந்தப் பிள்ளை தனக்கு இசை வராது என்று முடிவு செய்துகொள்கிறது. மரத்தின் கோளாறு ஒரு மனுஷரின் தகுதியின்மையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

கம்பி ஏன் உயர்கிறது என்பதற்கு எளிமையான கணக்கு இருக்கிறது. சாதாரண எஃகுக் கம்பி ஆறும் சுருதியில் நிற்கும்போது மொத்தமாகச் சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருத்தர் ராத்திரி பகலாக அந்த மெல்லிய பலகையைப் பிடித்துத் தொங்குவது மாதிரி. பல வருஷம் தொங்கினால் பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும். நெக் முன்னால் வளையும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் வைத்தால் பசை இளகி பிரிட்ஜ் பின்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பி இன்னும் கொஞ்சம் ஏறும். யாரும் எதையும் உடைக்கவில்லை. சும்மா இருந்ததிலேயே கெட்டுப்போனது.

இதைச் சரிசெய்கிற வேலைகள் காணொளிக்கு உதவாதவை. நெக்குக்குள் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி இருந்தால் அதைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிவிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் சின்ன வெள்ளைப் பட்டை, அதாவது சேடில், அதன் அடிப்பக்கத்தைச் சமதரையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய வேண்டும், ஏனென்றால் அந்த ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருக்கிறது. தேய்க்க சேடிலில் இடமில்லையென்றால் நெக்கின் கோணத்தையே மாற்ற வேண்டும். திருகாணி போட்டுப் பூட்டிய நெக் என்றால் கழற்றி, ஒரு சின்ன மரச்சீவலை இடுக்கில் வைத்துத் திரும்பப் பூட்டலாம். மேல்முனையில் இருக்கும் நட்டில் கம்பி பதியும் பள்ளங்களை இம்மி இம்மியாக இறக்க வேண்டும். ஒரு இம்மி கூடினால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் பட்டு நாராசமாக அதிரும், நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். இவ்வளவும் செய்து முடித்த கிட்டார் வெளியே பார்க்க முன்னே இருந்த மாதிரியேதான் இருக்கும். காமிராவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. விரலுக்கு எல்லாமே நடந்துவிட்டது.

*

இனி அந்த உப்புத்தாள் விஷயத்துக்கு வருகிறேன். உத்திரமேரூர்க்காரர்களுக்கு சுரண்டலைப் பற்றிப் பேச கொஞ்சம் உரிமை உண்டு. எங்கள் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கல்லில் விழுந்த கீறல்கள். வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். அந்தச் சுவரை யாராவது 'சுத்தம்' செய்திருந்தால் இன்று அது வெறும் சுவர். இது வெறும் கற்பனை பயம் இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்ற பேரில் மணல் பீய்ச்சிச் சுவர்களைச் சுத்தம் செய்து எழுத்துகளை மழுக்கிவிட்டதை கல்வெட்டு ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்தவர்கள் இல்லை. பழையது பளிச்சென்று இருந்தால் நல்லது என்று நம்பியவர்கள்.

கிட்டாரின் மேல்பலகை நல்ல மரமாக இருந்தாலே மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ப்ளைவுட் என்றால் மேலே ஒட்டிய அழகு ஏடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய வார்னிஷைத் தேய்க்கிறேன் என்று இறங்கினால் கீறல் போகிற நேரத்தில் ஏடும் போய்விடும். அதோடு முன்னால் வாசித்தவர் எழுதிவைத்ததும் போகும். எந்தக் கார்டை அதிகம் பிடித்தார் என்று ஃப்ரெட் பலகையின் குழிகள் சொல்லும். சவுண்ட் ஹோலுக்குக் கீழே வார்னிஷ் தேய்ந்த வட்டம் அவர் கையின் வீச்சைச் சொல்லும். பின்பக்கத்துக் கீறலைப் பார்த்தால் பெல்ட் பக்கிளோடு நின்று வாசித்தவர் என்று தெரியும்.

ஆனால் கீறல் எல்லாவற்றையும் சரித்திரமாக்கிக் கொண்டாடுகிற எதிர்க் கட்சியும் ஒன்று இருக்கிறது. புதுக் கிட்டாரை வேண்டுமென்றே தேய்த்து, பழசு மாதிரி ஆக்கி அதிக விலைக்கு விற்கிற பெரிய கம்பெனிகளே உண்டு. அந்த மோகத்தில் விழுந்தவர்கள் தூக்கிக்கொண்ட பிரிட்ஜையும் 'அதோட கேரக்டர்' என்று விட்டுவிடுவார்கள். உடம்பை வைத்து யோசித்தால் இந்தக் குழப்பம் தீரும். தழும்பு வேறு, நோய் வேறு. தழும்பு வாசிப்பைத் தடுக்காது. தூக்கிய பிரிட்ஜ், விட்டுப்போன உள்கட்டை, விரிசல், வளைந்த நெக் இதெல்லாம் நோய். நாளைக்கு இன்னும் மோசமாகும். தழும்பை விட்டுவிட்டு நோயைப் பார்க்க வேண்டும்.

உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பழைய கிட்டார்களில் ஒன்று இதைத்தான் காட்டுகிறது. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20. 'ட்ரிகர்' என்று பேர் வைத்திருக்கிறார். நைலான் கம்பிக்கென்று செய்த கிட்டார் என்பதால் அதில் பலகையைக் காக்கும் தகடு கிடையாது. அவர் பிக்கால் அடித்து அடித்து சவுண்ட் ஹோலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. ஆஸ்டின் நகரத்துக் கிட்டார் கைவினைஞர் மார்க் எர்லவைன் பல பத்தாண்டுகளாக அதைப் பராமரித்து வருகிறார். ஓட்டையை அவர் மூடவில்லை. அதைச் சுற்றிப் பலகை இடிந்துவிடாமல் உள்ளே பலப்படுத்துகிறார். தழும்பு இருக்கட்டும், நோய் பரவக்கூடாது. அதே கிட்டாருக்குள் ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப் வேறொரு உடைந்த கிட்டாரிலிருந்து எடுத்துப் பொருத்தியது. ஆக அது பழுதுபார்த்ததும்கூட, மாற்றியமைத்ததும்கூட. இரண்டுமே ஒருவர் கை வாசிக்கும் விதத்திலிருந்து வந்தவை.

*

"அது மார்ட்டின். இது ப்ளைவுட்டு. இதுக்கு ஏன் தம்பி இவ்ளோ மெனக்கெடுற? இந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாமே." எங்கள் தெருத் தச்சர் கேட்டது இது. நியாயமான கேள்வி. மரத்தின் மதிப்பை அறிந்தவர் கேட்கும் கேள்வி.

இதற்குப் பதில் மரத்தில் இல்லை. ஒரு கிட்டார் மதிப்புள்ளதா என்பதைச் சந்தை விலையில் கேட்டால் அந்தக் காணொளிகள் சொல்வதுதான் சரி: விலையுயர்ந்ததை மீட்கலாம், மலிவானதைப் பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டலாம். ஆனால் எந்த வீட்டில் அது கிடக்கிறதோ அந்த வீட்டில் இன்னொரு கிட்டார் வரப்போவதில்லை என்றால்? மலிவான வாத்தியத்தில் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் கம்பி உயரம் சரியாக இருப்பது அதிகம் தேவை. நல்ல கிட்டார் வைத்திருப்பவர் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்வார். மலிவான கிட்டார் வைத்திருப்பவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். அதனால் வீட்டிலேயே சரிசெய்வது என்பது பொழுதுபோக்குக்கு மேலான ஒன்று. யார் வாசிக்கலாம், யார் 'எனக்கு வராது' என்று ஒதுங்க வேண்டும் என்பதை ஒரு சேடிலின் 2 மில்லிமீட்டர் தீர்மானிக்கிறது.

அந்தத் தச்சரிடமே இன்னொரு பாடமும் இருக்கிறது. பழைய தச்சு வேலைக்கு வச்சிரம் காய்ச்சுவார்கள். மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் பசை. நன்றாகப் பிடிக்கும், ஆனால் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும். ஐரோப்பாவில் வயலினும் கிட்டாரும் செய்தவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியதும் இதே வகைப் பசைதான். விடுகிறது என்பது அதன் குறை மாதிரித் தோன்றும். வாத்தியத்தைப் பொறுத்தவரை அதுதான் அதன் தர்மம். அடுத்து வரும் கைவினைஞர் மரத்தை உடைக்காமல் பிரித்து, சரிசெய்து, மறுபடி ஒட்டலாம். எபாக்சியைக் கொட்டி ஒட்டிய பிரிட்ஜை அடுத்தவர் பிரிக்க வேண்டுமானால் பலகையோடு பிய்த்தால்தான் உண்டு.

வீணையில் இது இன்னும் தெளிவாக இருக்கும். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகள் மரத்தில் அறைந்தவை இல்லை. தேன்மெழுகில் கரி கலந்த கருப்பு மெழுகுக் கட்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு வெயிலில் இளகும், மெட்டு நகரும். சில வருஷத்துக்கு ஒருமுறை கைதேர்ந்தவர் வந்து, மெழுகை எடுத்துவிட்டு, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் மறுபடி நிறுத்துவார். மேளம் கட்டுவது என்று இதற்குப் பேர். பழுதுபார்ப்பது விபத்துக்குப் பின் நடக்கும் விஷயம் என்ற எண்ணமே அந்த வாத்தியத்துக்குக் கிடையாது. திரும்பச் செய்யப்படும் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய அறமும் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளோடு போராடிய மனிதர். அந்நூலில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. சில பாட்டுகளில் இடையில் அடிகள் சிதைந்திருக்கின்றன. அவ்வளவு தமிழ் அறிந்தவருக்கு நாலு அடி இட்டு நிரப்புவது கஷ்டமா என்ன? நிரப்பவில்லை. இன்றைக்கும் அந்த இரண்டு எண்கள் காலியாகவே நிற்கின்றன. ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களையும் பாடபேதமாகக் குறித்துவைத்தார். பின்னால் வருகிறவர் அவர் முடிவைத் திருத்த வேண்டுமானால் வழி திறந்திருந்தது. கிட்டாருக்கும் அதையே செய்யலாம். கழற்றிய பழைய சேடிலையும் பழைய ட்யூனிங் கீகளையும் ஒரு கவரில் போட்டு, எந்த வருஷம் எதை மாற்றினோம் என்று துண்டுச்சீட்டில் எழுதி, பையின் பாக்கெட்டில் வையுங்கள். அடுத்தவருக்கு உங்கள் பாடபேதம்.

*

இதுவரை சொன்னதை வைத்து, மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். எதற்காக மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. தென்னிந்தியாவில் நடந்த மிகத் துணிச்சலான வாத்திய மாற்றங்களில் ஒன்று மாண்டலின் ஸ்ரீநிவாஸ் செய்தது. மாண்டலினில் வழக்கமாக எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நாலு ஜோடி. ஜோடிக் கம்பியை வளைத்துக் கமகம் வாசிப்பது பெரும்பாடு. அவர் ஜோடியை விட்டார், ஒற்றைக் கம்பியாக்கினார், ஐந்தாவதாக ஒரு கம்பியைச் சேர்த்தார், மின்மாண்டலினுக்குப் போனார். விரல் கேட்டதை வாத்தியத்துக்குச் செய்தார்.

ஜான் மெக்லாலினும் அப்படித்தான். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். 1970களில் 'சக்தி' குழுவுக்காக அவர் வைத்திருந்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகக் குடையப்பட்டிருந்தது. சவுண்ட் ஹோலுக்குக் குறுக்கே தனியாக ஏழு சுருதிக் கம்பிகள். வீணையில் மெழுகு மேட்டின்மேல் மெட்டு உயர்ந்து நிற்பதால் கம்பியை இஷ்டத்துக்கு இழுக்க முடிகிறது. மேட்டைக் கட்ட முடியாத கிட்டாரில் பள்ளத்தை வெட்டினார்கள். பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் அந்த விநோதத்துக்குக் காரணம் காதில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய உதாரணங்களுக்கே போக வேண்டியதில்லை. என் சித்தப்பா மகள் இடதுகைக்காரி. வலதுகைக் கிட்டாரை அவளுக்காக மாற்றுவது என்றால் கம்பிகளைத் தலைகீழாகக் கட்டினால் மட்டும் போதாது. நட்டின் பள்ளங்கள் தடிமனுக்கேற்ப வெட்டியவை, அதைப் புதிதாகச் செய்ய வேண்டும். சேடில் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், தடித்த கம்பிக்குக் கொஞ்சம் நீளம் கூடுதலாக வேண்டும் என்பதற்காக. அந்தச் சாய்வையும் எதிர்த்திசைக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேலே போகப் போகச் சுருதி சேராது. செய்து முடித்தபின் அந்தக் கிட்டாரை வேறு யாரும் வாசிக்க முடியாது. அது கூடுதல் அழகாகவும் இல்லை. அவளுடையதாக ஆகியிருக்கிறது. 'கஸ்டமைஸ்' என்று கடையில் சொல்லும் வார்த்தைக்கு இதைவிடச் சரியான பொருள் எனக்குத் தெரியவில்லை. டிராகன் படம் வரைந்துகொள்ளட்டும், ஸ்டிக்கர் ஒட்டட்டும், அதிலெல்லாம் குற்றமில்லை. ஆனால் தடித்த பெயின்ட் பலகையின் அதிர்வைக் கட்டிப்போடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணுக்குக் கொடுப்பதைக் காதிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

இதே வரிசையில் சென்னைக் கைவினைஞர் தருண் சேகரின் வேலையையும் வைக்கலாம். பழந்தமிழரின் யாழை இன்றைய கைக்காகத் திரும்பச் செய்கிறவர். 1947இல் வெளிவந்த 'யாழ் நூலை' விபுலானந்த அடிகள் எழுதியபோது பழைய யாழ் எதுவும் கையில் இல்லை, சொற்களையும் கணக்குகளையும் வைத்தே வேலை செய்தார். ஏட்டிலிருந்து வாத்தியத்துக்குப் போகிற வழியில் எது மீட்பு, எது புதுப்படைப்பு என்று கோடு போட முடியாது. வாசிக்கிற வாத்தியமாக வந்து சேர்கிறதா என்பதை மட்டும் கேட்கலாம்.

*

கடைசியாக ஒன்று. காணொளிகளின் கதைக்கு ஒரு முடிவு இருக்கிறது: கிட்டார் மீண்டுவிட்டது, சுபம். நிஜத்தில் அப்படி ஒரு நாள் வராது. கம்பி கட்டிய மறுநொடியிலிருந்து 70 கிலோ மறுபடி இழுக்க ஆரம்பிக்கும்.

921ஆம் வருஷத்துக் குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் தேர்தலுக்காகப் படிக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பது. முப்பது குடும்புகளிலிருந்து முப்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். ஏரியை ஒருமுறை வெட்டி முடித்துவிட்டோம் என்று அந்தச் சபை நினைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள வருஷா வருஷம் புதிதாக ஆறு பேர் வேண்டும் என்று கல்லில் வெட்டியது. பராமரிப்பைப் பதவியாக்கிய ஊர் இது. வெட்டியவருக்குப் பேர் கிடைக்கும், தூர்வாரியவருக்குக் கிடைக்காது. தூர்வாரியவர் இல்லாவிட்டால் ஏரி இல்லை.

கிட்டாருக்கும் ஒரு வாரியம் வேண்டும், ஒரு ஆள் போதும். கத்திரி வெயில் தொடங்கும்போது பரணிலிருந்து இறக்கி, சுவரோரம் வெயில் படாத இடத்தில் வைப்பது. நாள் கணக்கில் வாசிக்கப்போவதில்லை என்றால் கம்பியை ஒரு சுருதி இறக்கிவைப்பது. ஐப்பசி மழை பிடித்ததும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்கேலை வைத்துப் பார்ப்பது. 2.5 இருந்தால் நல்லது. 3 ஆகியிருந்தால் உப்புத்தாளைத் தேட வேண்டியதுதான். பிறகு வீட்டில் சின்னப் பிள்ளை யாராவது இருந்தால் அவர்கள் கையில் கொடுத்து, விரல் வலிக்கிறதா என்று கேட்பது.